மாம்பழச் சேலை, கத்தரிப்பூ ஜாக்கெட்

செப்டம்பர் 24

சர்க்கரை 162. தினமும் காலையில் பார்த்து எழுதி வைக்க வேண்டும் என்பது மகள் சுகந்தியின் உத்தரவு. கனடாவில் உட்கார்ந்துகொண்டு திருச்சியில் இருக்கிற அப்பனின் ரத்தத்தை மேய்க்கிறாள். ஒரு நம்பருக்கு ஒரு முழுப் பக்கம் என்பது அநியாயம். துணியானாலும் தாளானாலும் மிச்சத்தை வீணாக்கி எனக்குப் பழக்கமில்லை. ஆகவே மிச்சப் பக்கத்தில் அன்றன்றைய சங்கதியை எழுதுவதாக உத்தேசம்.

இன்று கடைக்கு ஒரு பெண்மணி வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நரைத்த கிராப்பு, காதில் ஒன்றுமில்லை. ஒவ்வொரு கலரிலும் ஒரு மீட்டர் வேண்டுமாம். எந்தச் சேலைக்கு என்று கேட்டால் சேலையே இல்லை என்கிறார். சைக்கிளில் பிட்டுத்துணி விற்றுத் தொடங்கி, தெப்பக்குளம் பக்கம் சொந்தக் கட்டடத்தில் மேட்சிங் சென்டர் நடத்துகிறவன் நான். சேலையைக் கொண்டுவருவார்கள், அதற்குப் பொருந்துகிற ஜாக்கெட் துணியை எடுத்துப் போடுவோம். சேலையில்லாமல் வந்த முதல் ஆள் இவர்தான்.

மூத்த சேல்ஸ்மேன் ரஹமத்துல்லா என் காதருகே வந்து, "முதலாளி, இது புதுசா கடை போடப்போற பார்ட்டி. நம்ம கலரையெல்லாம் கொத்தோட அள்ளிட்டுப் போகுது" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது. எங்கே கொள்முதல் செய்கிறோம் என்று தெரியாதபடி, மில் பெயர் அச்சடித்த ஓரத்தை வெட்டிவிட்டுக் கொடுக்கச் சொன்னேன்.

செப்டம்பர் 26

அந்த அம்மாள் மறுபடியும் வந்தார். பெயர் பெலிசிட்டா. மற்றவர்கள் துணியை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பார்ப்பார்கள். இவர் துணிக்குப் பின்னால் செல்போன் டார்ச்சைப் பிடித்து, மறுபக்கம் தன் உள்ளங்கையில் விழுகிற நிறத்தைப் பார்க்கிறார். பொறுக்க முடியாமல் நேராகவே கேட்டுவிட்டேன், எங்கே கடை போடப்போகிறீர்கள் என்று. சிரித்தார். அவர் ஓவியராம். ஆனால் பெயின்ட் கிடையாது, பிரஷ் கிடையாது. விளக்கும் துணியும்தான்.

"படம்னா பார்த்துட்டு நகர்ந்துடுவாங்க சார். வெளிச்சத்துக்குள்ள நின்னா அது மேல படும். அப்புறம் அவ்வளவு சீக்கிரம் நகர முடியாது."

இருட்டான கூடம் ஒன்று இரண்டு மாதத்துக்கு வேண்டுமென்றார். என் மூன்றாவது மாடி சும்மாதான் கிடக்கிறது. வாடகை சொன்னேன். துணி என் கடையில்தான் எடுக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனையும் போட்டேன். எல்லாவற்றுக்கும் சரி என்றார். பேரம் பேசாத ஆளைக் கண்டால் எனக்குப் பயம்.

செப்டம்பர் 30

காலை எட்டு மணிக்கு வழக்கம்போல் போன். அங்கே அப்போது முந்தின நாள் ராத்திரி. நாயகி, அதாவது என் மனைவி தையல்நாயகி, சுகந்தியின் பிரசவத்துக்காக ஏப்ரலில் போனவள். நவம்பர் 20-ஆம் தேதிக்குத் திரும்பும் டிக்கெட். பேரன் குப்புற விழுந்துவிட்டானாம். காட்டினார்கள். போனில் எல்லாம் நீலம் அடித்துத் தெரிகிறது, அவள் முகம்கூட.

பிறகு சுகந்தி விஷயத்துக்கு வந்தாள். சூப்பர் விசா இருக்கிறது, அம்மா வருஷக்கணக்கில் தங்கலாம், டிக்கெட்டைத் தள்ளிப் போட்டால் என்ன என்றாள். நாயகி போனை வாங்கி, "என்ன செய்யட்டுங்க? நீங்க சொல்லுங்க" என்றாள்.

"உன் இஷ்டம்" என்றேன்.

பெண்டாட்டியை அதிகாரம் பண்ணுகிற ஆள் இல்லை நான்.  அவள், துவரம்பருப்பு டப்பாவில் வண்டு வந்திருக்கும், வெயிலில் வையுங்கள் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள்.

வண்டு வந்துதான் இருந்தது.

அக்டோபர் 3

ரசம் வைத்தேன். புளி கூடிவிட்டது. குடித்தேன்.

அக்டோபர் 11

ஆயுத பூஜை கடையில் அமர்க்களம். வீட்டுப் பூஜைக்கு மணியைக் காணோம். எல்லா அலமாரியும் தேடிவிட்டுக் கடைசியில் கரண்டியால் தாம்பாளத்தைத் தட்டினேன். சாமி ஒன்றும் சொல்லவில்லை. நாயகியிடம் கேட்டிருக்கலாம். இதற்கெல்லாம் கனடாவுக்கு போன் செய்தால் நன்றாகவா இருக்கும்.

அக்டோபர் 14

மூன்றாவது மாடியில் பெலிசிட்டாவின் கண்காட்சி தொடங்கி நாலு நாளாகிறது. வாடகைக்கு விட்ட இடத்தைப் போய்ப் பார்ப்பது சொந்தக்காரன் கடமை என்பதால் போனேன்.

கூடத்தைக் கறுப்புத் துணியால் சின்னச் சின்ன அறைகளாகத் தடுத்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் வெள்ளைச் சுவர், ஒரு ஸ்டூல், ஒரு பெரிய விளக்கு, விளக்கின் முன்னால் துணி மாட்டச் சட்டம். வாசலில் ஒரு பலகை. அதில் ஒரே கேள்வி: "உங்களுக்கு யாரைத் தேடுது?"

வருகிறவர்கள் அதற்கு வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டியதில்லை. மேசையில் என் கடைத் துணிகள் அடுக்கியிருக்கின்றன. தேடுகிற ஆளுக்குரிய கலரை எடுத்து, சட்டத்தில் மாட்டிக்கொண்டு, அந்த வெளிச்சத்துக்குள் உட்கார வேண்டியது. அவ்வளவுதான். இதற்கா கூட்டம் என்று நினைத்தேன். கூட்டம் இருந்தது.

பொன்மலை ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர் ஒருவர் இலைப்பச்சையை மாட்டிக்கொண்டு உள்ளே போனார். ஒரு இளஞ்ஜோடி, இறந்துபோன தங்கள் நாய் சந்தனமா பிஸ்கட்டா என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தது. ஒரு நடுத்தர வயதுப் பெண் பள்ளிக்கூடச் சீருடைக் காக்கி இருக்கிறதா என்று கேட்டாள். மேசையில் இல்லை. கீழே போய் நானே ஒரு மீட்டர் கிழித்துக்கொண்டு வந்தேன். பெலிசிட்டா காசு எடுத்தார், வேண்டாம் என்றேன். அந்தப் பெண் மூடுகிறவரைக்கும் அந்தக் காக்கி வெளிச்சத்துக்குள்ளேயே இருந்தாள். நாங்கள் யாரும் எழுப்பவில்லை.

கடைக்கு நல்ல விளம்பரம்.

அக்டோபர் 17

சாப்பாட்டு வேளையில் மாடிக்குப் போனேன். ஃபியூஸ் எப்படி இருக்கிறது என்று பார்க்கத்தான். பெலிசிட்டா டிபன் பாக்ஸிலிருந்து எலுமிச்சைச் சாதம் கொடுத்தார். "உங்களுக்கு யாரைத் தேடுது சார்?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

தேடுவது என்பது பிள்ளைகளுக்கும் கன்றுக்குட்டிக்கும் உள்ள சமாசாரம். பால்குடி மறந்த பிள்ளைக்கு அம்மாவைத் தேடும். அறுபத்தோரு வயதில் என்ன தேட்டம்? எனக்கு அப்படி யாருமில்லை என்றேன். அவர் வற்புறுத்தவில்லை. அவருடைய கலர் எது என்று நான் திருப்பிக் கேட்டேன். ஆஸ்பத்திரி வராந்தா ட்யூப்லைட் வெள்ளை என்றார். அந்தக் கலரில் துணி கிடைக்கவில்லையாம். யாருக்காக என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 29

தீபாவளிக் கூட்டம். எழுத நேரமில்லை. கால் வீங்கியிருக்கிறது.

நவம்பர் 4

தீபாவளி முடிந்து கடை ஈயோட்டுகிறது. சுகந்தியிடமிருந்து செய்தி: டிக்கெட்டை மாற்றுவதென்றால் வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் மாற்ற வேண்டும், முடிவு சொல்லுங்கள் அப்பா. முடிவு நான் எதற்குச் சொல்ல வேண்டும்? அதுதான் அவள் இஷ்டம் என்று சொல்லியாகிவிட்டதே.

மத்தியானம் ரஹமத்துல்லாவைக் கல்லாவில் உட்கார வைத்துவிட்டு நாலைந்து துணியோடு மாடிக்குப் போனேன். சும்மா பார்ப்போமே என்றுதான். மயில்கழுத்தை மாட்டி உட்கார்ந்தேன். கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. அரக்கை மாட்டினேன். வாடாமல்லியை மாட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை, வியர்த்ததுதான் மிச்சம்.

பெலிசிட்டா வெளியில் நின்று எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் அவங்களுக்குப் பிடிச்ச கலரா, இல்ல சீசன்ல ஓடுற கலரா?"

யாருக்கு என்று நான் சொல்லவே இல்லை. பெண்களுக்கு எப்படித்தான் தெரிகிறதோ.

நாயகிக்குப் பிடித்த கலர் என்று தனியாக ஒன்றும் கிடையாது. அவள் அப்படி ஆசைப்படுகிற ஆளில்லை. கடையில் எந்தக் கலரில் கடைசிப் பிட்டு விலைபோகாமல் நிற்கிறதோ அதைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், அதுதான் ஜாக்கெட். முழுத் துணியில் வெட்டினால் நஷ்டம், பிட்டு எப்படியும் குப்பைதானே. மேட்சிங் கடைக்காரர் பெண்டாட்டிக்குச் சேலை கிழக்கே பார்க்கும், ஜாக்கெட் மேற்கே பார்க்கும் என்று சொந்தத்தில் கேலி செய்வார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். ஒருநாள்கூடக் குறை சொன்னதில்லை. போன வருஷம் சம்பந்தி வீட்டு விசேஷத்தில் மட்டும் முந்தானையை இரண்டு தோளிலும் போர்த்திக்கொண்டு ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். ஏசி குளிர்போல என்று நினைத்து, அதைக் குறைக்கச் சொன்னேன்.

நவம்பர் 5

அவள் அலமாரியைத் திறந்தேன். பூச்சி அரித்துவிடக் கூடாதே என்று. மேலாக இருந்தது மாம்பழக் கலர் சேலை. அதன் மடிப்புக்குள் அதற்கு அவள் போடுகிற ஜாக்கெட், கத்தரிப்பூக் கலர். மாம்பழத்துக்குக் கத்தரிப்பூ. என் கடையில் ஒரு பையன் இப்படி எடுத்துப் போட்டால் அன்றே கணக்குத் தீர்த்து அனுப்பிவிடுவேன்.

அதே இரண்டு கலரிலும் கடையில் துணி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன். எதை மாட்டப்போகிறீர்கள் என்று பெலிசிட்டா கேட்டார்.

"ரெண்டையும்."

"ஒரு ஆளுக்கு ஒரு கலர்தான் சார்."

"சேலையை மட்டும் கட்டிக்கிட்டு யாராவது வெளியில வருவாங்களாம்மா?"

அவர் கொஞ்சம் யோசித்தார். பக்கத்து அறை விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். இடப்பக்க விளக்குக்கு மாம்பழம், வலப்பக்க விளக்குக்குக் கத்தரிப்பூ. இரண்டும் ஒரே சுவரில் விழும்படி வைத்தார்.

மஞ்சள் சாயமும் ஊதாச் சாயமும் கலந்தால் சேறு. அது எனக்குத் தெரியும், சாயப்பட்டறைக்காரர்களோடு எத்தனை தகராறு பார்த்திருக்கிறேன். ஆனால் வெளிச்சத்தில் சேறு வரவில்லை. இரண்டும் விழுந்த இடத்தில் சுவர் வெளுப்பாக, விடியற்காலை ஜன்னல் மாதிரி இருந்தது. மாம்பழமும் இல்லை, கத்தரிப்பூவும் இல்லை.

நான் எழுந்து நடுவில் நின்றேன். சுவரில் என் நிழல் இரண்டாக விழுந்தது. கறுப்பில்லை. ஒரு நிழல் மாம்பழக் கலர், இன்னொன்று கத்தரிப்பூக் கலர். ஒரு விளக்கை நான் மறைத்த இடத்தில் மற்ற விளக்கு வந்து நிரப்புகிறது என்று பெலிசிட்டா விளக்கினார். விளக்கம் சரிதான். ஆனால் நான் பார்த்தது இரண்டு பேரை. விளக்குப் பக்கம் நகர்ந்தால் இருவரும் விலகிப் போனார்கள். சுவர்ப் பக்கம் போகப் போக நெருங்கி வந்தார்கள். சுவரோடு ஒட்டி நின்றேன், ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்துகொண்டார்கள்.

பெலிசிட்டா எப்போது வெளியே போனார் என்று தெரியவில்லை. கீழே ரஹமத்துல்லா மூன்று தடவை ஆள் அனுப்பியிருக்கிறான். இறங்கி வந்ததும், "என்ன முதலாளி, கண்ணு இப்படிச் செவந்திருக்கு" என்றான். துணித் தூசி. எனக்கு எப்போதுமே ஒவ்வாது.

நவம்பர் 7

பெலிசிட்டா எல்லா அறைகளிலும் இரண்டு விளக்கு வைத்துவிட்டார். ஒன்று தேடப்படுகிற ஆளுக்கு, ஒன்று தேடுகிற ஆளுக்கு என்று பலகையில் ஒரு வரி சேர்த்திருக்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. என் அறையில் இரண்டுமே அவளுடையதுதான். சொல்லவில்லை, அவர் தொழில்.

கரண்டு பில் கூடும். கேட்க வேண்டும்.

நவம்பர் 10

ஞாயிறு. எட்டு மணிக்கு போன் வரும் என்று முன்னதாகவே மாடிக்குப் போய் இரண்டு விளக்கையும் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். வீட்டில் சிக்னல் சரியில்லை.

நாயகி என்னைப் பார்த்ததும் பதறிப்போனாள். ஒரு கன்னம் மஞ்சளாகவும் ஒரு கன்னம் ஊதாவாகவும் இருக்கிறதே, என்ன செய்கிறது உங்களுக்கு, சுகர் எவ்வளவு என்று கேட்டாள். விளக்கு என்றேன். அவளுக்குப் புரியவில்லை. கண்காட்சி, துணி, வெளிச்சம் என்று சொல்லிப் பார்த்தேன். எனக்கே புரியாத மாதிரி இருந்தது.

பின்னால் சுகந்தி குரல் கேட்டது, டிக்கெட் விஷயம் கேளும்மா என்று. நாயகி குரலைத் தாழ்த்தினாள்.

"இன்னைக்குள்ள சொல்லணுமாம். நீங்க என்ன சொல்றீங்க?"

"உன் இஷ்..."

"அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க."

அவள் என்னிடம் அப்படிக் குரல் உயர்த்தியதில்லை. நான் அப்படியே நிறுத்திவிட்டேன்.

"கடை ஆரம்பிச்சப்ப உங்க கூடக் கவுன்டர்ல நின்னவ நான். விலையைக் குறைக்கச் சொல்லி ஒருத்தி ரொம்பக் கெஞ்சினா, நீங்க துணியை மடிச்சுக்கிட்டே, உங்க இஷ்டம்மான்னுவீங்க. அதுக்கு அர்த்தம் என்னன்னு எனக்குத் தெரியாதா? எடுத்தா எடு, இல்லேன்னா நடையைக் கட்டு. நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து எது கேட்டாலும் அதையேதான் சொல்றீங்க. இப்ப நான் கடை வாசல்லயா நிக்கிறேன்?"

நான் அந்த அர்த்தத்தில் சொல்லவில்லை. உனக்கு எது சௌகரியமோ அதைச் செய் என்ற அர்த்தத்தில்தான் சொன்னேன். அதை விளக்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"தேடுது" என்றேன்.

"என்னது?"

"எனக்குத் தேடுது."

"என்னத்தைத் தேடுறீங்க? சாவியையா?"

"உன்னைத்தான் நாயகி. உன்னைத் தேடுது."

போன் கட் ஆகிவிட்டதோ என்று பார்த்தேன். ஆகவில்லை. படத்தில் கூரை தெரிந்தது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள் போலிருக்கிறது. "அம்மா, என்னாச்சு? அப்பா என்ன சொன்னாங்க?" என்று சுகந்தி கேட்பது காதில் விழுந்தது. ஒன்றுமில்லை, உங்கப்பா சின்னப் பிள்ளை ஆயிட்டார் என்றாள் நாயகி. மூக்கை உறிஞ்சுகிற சத்தமும் கேட்டது. அங்கே குளிர் ஆரம்பித்துவிட்டதாமே.

மறுபடி முகத்தைக் காட்டியபோது அவள் பேசியது கறாராக இருந்தது. சுகந்தி பிப்ரவரியில் வேலைக்குத் திரும்ப வேண்டும். காப்பகத்தில் மார்ச் கடைசியில்தான் இடம். அதுவரை பிள்ளையை விட்டுவிட்டு வர முடியாது. மார்ச் கடைசியில் கட்டாயம் வருவாள். அவள் ஏற்கெனவே இப்படித்தான் நினைத்து வைத்திருந்தாளாம். நான் ஒரு வார்த்தை சொல்கிறேனா என்றுதான் பார்த்தாளாம்.

"அது வரைக்கும் இப்பச் சொன்னதைத் தினம் சொல்லணும். ஒருநாள் விடக் கூடாது."

"தினமுமா?"

"தினமும்."

"ஞாயித்துக்கிழமை?"

"கடைக்குத்தான் லீவு."

குறைத்துப் பார்த்தேன், படியவில்லை. ஒத்துக்கொண்டேன்.

நவம்பர் 11

சொன்னேன்.

நவம்பர் 12

சொன்னேன். நேற்றை விடச் சுலபம்.

நவம்பர் 14

போன் வரத் தாமதமாகி, கடையிலிருந்தே பேச வேண்டியதாகிவிட்டது. விட்டுவிட்டு லைன் வந்ததால் கத்திச் சொல்லும்படி ஆயிற்று. துணி பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் தலையை நிமிர்த்தி, "யாரைங்க தேடுது?" என்று கேட்டார். ரஹமத்துல்லா என்னை முந்திக்கொண்டு, "முதலாளிக்கு முதலாளியம்மாவை" என்றான். அதோடு விட்டானா, நவம்பர் மாசக் குளிர் வந்தா எல்லாருக்கும் தேடத்தான் செய்யும் என்று ஒரு விளக்கம் வேறு. அந்த அம்மாள் பேரம் பேசாமல் துணி எடுத்துக்கொண்டு போனார்.

நவம்பர் 17

சொன்னேன். பேரனுக்கு ஜலதோஷம். அங்கே முழங்கால் அளவு பனியாம். ஸ்வெட்டருக்கு மேல் கோட்டு, கோட்டுக்கு மேல் இன்னொரு கோட்டு என்று நிற்கிறாள். சேலை கட்டி மாதக்கணக்காகிறது என்றாள். வந்ததும் உன்னோட சேலையெல்லாம் எடுத்துக்கிட்டு கடைக்கு வா என்றேன். எதற்கு என்று கேட்டாள். முழுத் துணியில் வெட்டித் தருகிறேன் என்றேன்.  அந்தக் கத்தரிப்பூவை மட்டும் மாற்ற வேண்டாம், அது இருக்கட்டும் என்றாள்.

நவம்பர் 20

சர்க்கரை 148. அவள் பழைய டிக்கெட்டின் தேதி இன்று. விமானம் வந்து இறங்குகிற நேரத்துக்கு நான் தற்செயலாக மொட்டை மாடியில் இருந்தேன். துவைத்த துணி காயப்போட வேண்டியிருந்தது. நாலு சட்டை, இரண்டு வேட்டி. விமானம் தாழ்வாக மலைக்கோட்டைக்கு அந்தப் பக்கம் போயிற்று. அது கண்ணுக்கு மறைகிற வரைக்கும் ஒரு சட்டையைக் கையில் பிழிந்துகொண்டே நின்றிருக்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர், அதில் இன்னுமா தண்ணீர் இருக்கிறது என்று கேட்ட பிறகுதான் கொடியில் போட்டேன்.

நவம்பர் 21

எட்டு மணி ஆகவில்லை, போன் அடித்தது. இன்னும் பல்கூட விளக்கவில்லை. எடுத்து, நான் வாயைத் திறப்பதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.